மருந்துச் சீட்டில் இல்லாத பெயர்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நமது சங்கத்தின் நூலகத்தில் வழக்கம்போல் அன்பர்கள் சிலர் கூடியிருந்தனர். மாதுங்காவில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் மூதாட்டியார் ஒருவர் தம் பேத்தியுடன் அங்கே வந்திருந்தார். பேத்தி புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டு டாக்டர் பட்டத்துக்கு முயன்று வருபவள். அவள் முகத்தில் அன்று களை இல்லை.

"ஏனம்மா, இப்படி வாட்டமாக உட்கார்ந்திருக்கிறாய்?" என்று பாட்டியார் கேட்டார்.

"நான் எழுதிய கட்டுரைகளை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்துத்தான் பாட்டி, எனக்கு வேலை கொடுப்பார்கள். என் கணக்கு மிகவும் சிறியது" என்றாள் பேத்தி.

"கணக்குச் சிறியது என்றால் வேலையும் சிறியது என்று அர்த்தமா?" என்றார் பாட்டியார்.

இந்தக் கேள்விக்கு அங்கிருந்த எவராலும் உடனே விடை கூற முடியவில்லை. நமக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் பாட்டியார் தம் மூட்டுவாதத்துக்காக வைத்தியர் எழுதித் தந்த சீட்டை மேஜைமேல் வைத்திருந்தார். அதில் நம் கண் சென்றது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டியது மெத்தோடிரெக்ஸேட். மற்ற நாட்களில் ஃபோலிக் அமில மாத்திரை. இவ்விரண்டு மருந்துகளும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில், ஒரே மனிதரின் தலைமையில் உருவானவை. அவர் சென்னையில் படித்து வெளிநாடு சென்று, தாயகம் திரும்பாமலே மறைந்தவர். அவர் பெயர் எந்த மருந்துச் சீட்டிலும் இல்லை. நம்மில் பலருக்குத் தெரியவும் தெரியாது. பாட்டியாரின் கேள்விக்கு விடை அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது என்று நமக்குப் பட்டது. ஆகவே இம்மாதம் அதையே எழுதத் துணிந்தோம்.

கணக்குப் பிறந்த கதை

முதலில் அந்தக் கணக்கு யாது என்பதைப் பார்ப்போம். நம் குடும்பங்களில் ஆராய்ச்சித் துறைக்குச் செல்லும் இளைஞர்கள் பெருகிவரும் இந்நாளில், பெற்றோரும் இதை அறிந்திருத்தல் நலம்.

ஓர் ஆராய்ச்சியாளர் புதிதாக ஒன்றைக் கண்டால், அதைக் கட்டுரையாக எழுதி அத்துறைச் சஞ்சிகைக்கு அனுப்புகிறார். எழுதும்போது, தமக்கு முன்னே அவ்வழியில் நடந்தவர்களின் கட்டுரைகளை இன்னின்னவை என்று முறையாகக் குறிப்பிடுகிறார். இதற்கு மேற்கோள் என்று பெயர். கடன்பட்டவன் கடனை ஒப்புக்கொள்வது போன்றதே இது. அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர், இந்தக் குறிப்புகளையெல்லாம் திரட்டினால் எந்தக் கட்டுரை யாருக்கெல்லாம் பயன்பட்டது என்று தெரியுமே என்று 1955-இல் யோசனை கூறினார். 1964-இல் ஃபிலடெல்ஃபியா நகரிலிருந்து அவருடைய மேற்கோள் அட்டவணை வெளிவரத் தொடங்கியது. நூல்களைத் தேடிப் பிடிப்பதற்காக ஏற்பட்ட அட்டவணை, நாளடைவில் மனிதரை எடைபோடும் தராசாக மாறிவிட்டது.

2005-இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிக அறிஞர் மற்றோர் அளவையைக் கொணர்ந்தார். ஒருவர் எழுதியவற்றுள் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய எண் 10. 20 கட்டுரைகள் குறைந்தது 20 முறை எடுத்தாளப்பட்டிருந்தால் எண் 20. எளிய கணக்குத்தான். ஆனால் இதில் ஒரு விந்தை உண்டு. ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதை உலகமே இருபதாயிரம் முறை எடுத்தாண்டாலும், இந்த அளவையின்படி அவருடைய எண் ஒன்றுதான்!

இந்தத் தராசில் நாம் சொல்ல வந்த மனிதரை நிறுத்திப் பார்ப்போம்.

பீமவரத்திலிருந்து பாஸ்டனுக்கு

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தெலுங்கர். ஏழ்மையான குடும்பம், தந்தையை இளமையிலேயே இழந்தார். பிள்ளையைப் படிக்க வைத்தே தீர்வது என்று உறுதி பூண்டவர் தாயார் வெங்கம்மா. பையனோ மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறினான். மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினான். முதல் தடவையிலேயே எல்லாவற்றிலும் முதன்மை பெற வேண்டும் என்று குழந்தைகளை வாட்டும் பெற்றோர் இந்த ஒரு செய்தியை நினைவில் கொள்ளலாம்.

மாநிலக் கல்லூரியில் படித்தபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பைச் செவிமடுத்துக் கதர் அணிந்தார். அறுவை சிகிச்சைக் கூடத்திலும் கதர் அங்கியே உடுத்தினார். இது ஆங்கிலப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியும், முழு மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். என்ற தகுதியே அவருக்குக் கிடைத்தது. அதன்பின் சென்னையிலிருந்த ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராகச் சிறிது காலம் பணியாற்றினார்.

இதற்கிடையே குடும்பத்தில் பேரிடி விழுந்தது. உணவின் சத்தைக் குடல் ஏற்காமல் உடல் உருகிப்போகும் ஸ்ப்ரூ என்னும் வெப்பநாட்டு நோய்க்குச் சில நாள் இடைவெளியில் சகோதரர் இருவரைப் பறிகொடுத்தார். அந்நோய் ஏன் வருகிறது, எதனால் தீரும் என்று அன்று யாருக்கும் தெரியாது. அதை அறிய வேண்டும் என்ற தாகமே அவரைக் கடல் கடக்கச் செய்தது எனலாம். மாமனாரின் உதவியும் ஒரு தரும ஸ்தாபனத்தின் உதவியும் கிடைக்க, இளம் மனைவியை ஊரில் விட்டுவிட்டு, 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார். சில ஆண்டுகளில் திரும்பி விடுவதாகச் சொல்லிச் சென்றார். திரும்பவே இல்லை.

ஊரை விட்டு வந்தவர்களாகிய நாம் இந்த வாக்கியத்தை எளிதில் கடந்துசெல்ல முடியாது. "மூன்று வருஷம் இருந்து பார்த்துவிட்டு வருகிறேன்" என்று புறப்பட்டு முப்பது வருஷம் மும்பையில் கழித்தவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்!

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் படித்தார். வயிற்றுப்பாட்டுக்காக இரவு வேளையில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைச் சுத்தம் செய்யும் வேலையையும் பார்த்தார். வைத்தியராகத் தகுதி பெற்ற ஒருவர் இதைச் செய்யக் கூசவில்லை என்பதை நாம் வியப்புடன் எண்ணிப் பார்க்கிறோம்.

நீல நிறத்தில் ஓர் அளவை

பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயனப் பகுதியில், சைரஸ் ஃபிஸ்க் என்ற ஆசிரியரின் கீழ்ச் சேர்ந்தார். இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைக் காண ஒரு வழி வேண்டும். அதற்கு அந்நாளில் இருந்த முறைகள் திருப்தியாக இல்லை. புரதத்தை முதலில் நீக்கி, மிச்சத்தில் மாலிப்டிக் அமிலத்தைச் சேர்த்து, பின்னர் வேறொரு பொருளைக் கலந்தால் அழகிய நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் எவ்வளவோ அவ்வளவுக்கு நீலம் அடர்ந்திருக்கும். நிறத்தின் அடர்த்தியைப் பார்த்தே அளவைக் கூறிவிடலாம். ஃபிஸ்க், சுப்பாராவ் இருவர் பெயரிலும் 1925-இல் அமெரிக்க உயிர் இரசாயனச் சஞ்சிகையில் இந்தக் கட்டுரை வெளியாயிற்று.

இதிலென்ன பெருமை என்று கேட்கத் தோன்றும். எந்தக் கடைக்காரருக்கும் முதலில் வேண்டியது நல்ல தராசு. உயிரணுக்களின் உள்ளே நிகழும் வரவு செலவுகளுள் பெரும்பகுதி பாஸ்பரஸ் மூலமாகவே நடைபெறுகிறது. ஆகவே தசையை ஆராய்பவர், எலும்பை ஆராய்பவர், புற்றுநோய்த் திசுவை ஆராய்பவர் எல்லோருமே இந்தத் தராசை நாடினர். பல்லாயிரம் கட்டுரைகளில் இதன் பெயர் மேற்கோளாக ஏறியது. முறையின் பெயரே 'ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை' என்று பாடப் புத்தகங்களில் நிலைத்தது. 2002-இல் அதே சஞ்சிகை இதனைத் தன் பழம்பெரும் கட்டுரைகளுள் ஒன்றாகப் போற்றி நினைவுகூர்ந்தது.

விஞ்ஞானத்தில் மிகுதியாக எடுத்தாளப்படுபவை பெரிய தத்துவங்கள் அல்ல, இத்தகைய முறைகளே என்பதும் கவனிக்கத்தக்கது. 2014-இல் 'நேச்சர்' சஞ்சிகை எடுத்த கணக்கில் முதலிடம் பெற்றது, புரதத்தை அளக்கும் முறையைப் பற்றி ஆலிவர் லோரி முதலியோர் 1951-இல் எழுதிய கட்டுரை. அது 3 லட்சம் முறைக்கு மேல் எடுத்தாளப்பட்டிருந்தது. ஐன்ஸ்டீனின் கட்டுரை எதற்கும் அந்த யோகம் இல்லை. எண்ணிக்கை ஒன்றைக்கொண்டு மட்டும் மேதைமையை அளக்க இயலாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

தராசு கையில் இருந்ததனால் அடுத்த கண்டுபிடிப்புகள் தொடர்ந்தன. தசை இயங்கும்போது செலவாகிப் பின் மீண்டும் சேரும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளை 1927-இல் இருவரும் வெளியிட்டனர். 1929-இல், எல்லா உயிர்களிலும் ஆற்றலின் நாணயமாக விளங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளைத் தசையிலிருந்து பிரித்தனர். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே அதைக் கண்டார். நாம் ஒரு படி ஏறுவதும், இந்த எழுத்தைப் படிக்கக் கண்ணை அசைப்பதும் அந்த நாணயத்தைச் செலவிட்டுத்தான். 1930-இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. அவர் பிரித்தெடுத்த பொருள்கள் சில, ஃபிஸ்கின் மனக்கசப்பால் அச்சேறாமலே போயின என்றும், ஆண்டுகள் பல கழித்து மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், அதே ஆராய்ச்சிக்கூடத்தில் பயின்று 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். எழுதாத கட்டுரைக்கு மேற்கோள் ஏது? கணக்கில் முதல் ஓட்டை இங்கே விழுந்தது.

மும்பையில் தொடங்கிய மருந்து

இங்கே கதை சிறிது நேரம் நம் ஊருக்குத் திரும்புகிறது.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் மும்பைக்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகள் கடுமையான சோகை நோயால் உயிரிழந்து வந்தனர். பரேலிலுள்ள ஹாஃப்கின் ஸ்தாபனத்தில் அவர் ஆராய்ச்சி செய்தார். குன்னூரிலும் சில காலம் பணியாற்றினார். ஈஸ்டிலிருந்து செய்யப்படும் 'மார்மைட்' என்ற மலிவான உணவுப் பொருளைக் கொடுத்தால் அச்சோகை தீர்கிறது என்பதை 1931-இல் வெளியிட்டார். அதில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது. அது யாதென்று அன்று தெரியவில்லை. 1941-இல் அமெரிக்க அறிஞர்கள் கீரையிலிருந்து அத்தகைய சத்தைப் பிரித்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

சுப்பாராவ் 1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற சிற்றூரிலிருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் தலைவரானார். அவருடைய குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தை இரசாயன முறையில் செய்து முடித்தனர். அதைத் தெரிவித்த கட்டுரையில் 16 பேர் கையொப்பமிட்டனர். தலைவரான சுப்பாராவின் பெயர் முதலிலும் இல்லை, இறுதியிலும் இல்லை. அகர வரிசைப்படி நடுவில், ஏழாவதாக நிற்கிறது!

கிலோக் கணக்கான ஈரலிலிருந்து துளித் துளியாகச் சேர்க்க வேண்டியிருந்த பொருள் இப்போது மாத்திரையாகக் கிடைத்தது. கர்ப்பிணிகளின் சோகைக்கு அது மருந்தாயிற்று. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் அது பலனளிப்பதை டாம் ஸ்பைஸ் முதலிய மருத்துவர்கள் கண்டனர். சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப்பின் அண்ணன் தம்பி உறவு மறவாத ஒருவர் மருந்து கண்டார். இன்றும் நம் வீட்டுப் பெண்கள் கருவுற்றவுடன் மருத்துவர் முதலில் எழுதித் தரும் மாத்திரைகளுள் ஒன்று இதுவே.

சாவியும் கள்ளச் சாவியும்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறி ஆய்வாளராக இருந்தவர் சிட்னி ஃபார்பர். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ மடிவதை ஒவ்வொரு நாளும் பார்த்துக் கொண்டிருந்தவர். அந்நோய்க்கு எதிராகக் கையில் ஒன்றும் இல்லாத காலம் அது. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த டாட்டா குடும்பத்துச் சீமாட்டி மெஹர்பாய் 1931-இல் இரத்தப் புற்றுநோயால் காலமானபோதும் உலகின் எந்த வைத்தியராலும் காக்க முடியவில்லை. அந்தத் துயரத்திலிருந்து முளைத்த அறச் செயல்களின் தொடர்ச்சியாகவே 1941-இல் பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை எழுந்தது.

சோகைக்கு ஃபோலிக் அமிலம் நல்லதென்றால் இரத்தப் புற்றுநோய்க்கும் உதவுமோ என்று ஃபார்பர் எண்ணினார். லெடர்லியிலிருந்து வந்த ஃபோலிக் அமிலச் சேர்க்கைகளைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்தார். ஆனால் நோய் குறைவதற்கு மாறாக விரைந்து வளர்வதாகத் தோன்றியது. மனம் ஒடிந்துபோகக்கூடிய தோல்வி. அந்தத் தோல்வியிலிருந்தே அவருக்குப் புதிய வழி பிறந்தது. இச்சத்து புற்றணுக்களை வளர்க்குமாயின், இச்சத்தை அவற்றுக்குக் கிட்டாமற் செய்தால் அவை வாட வேண்டுமல்லவா?

சுப்பாராவின் ஆராய்ச்சிக்கூடத்தில் அதற்கேற்ற பொருள்கள் உருவாகிக்கொண்டிருந்தன. ஃபோலிக் அமிலத்தின் உருவத்தில் மிகச் சிறு மாறுதல் செய்தால், உயிரணு அதை உண்மைச் சத்து என்றே எண்ணி ஏற்கும். அது பூட்டில் நுழையும், ஆனால் திறக்காது. உண்மைச் சாவியையும் உள்ளே விடாது. கள்ளச் சாவி என்று சொல்லலாம். உயிரணு பிரிந்து பெருகுவதற்கு வேண்டிய மூலப்பொருள் அதனால் தடைப்பட்டுவிடும். அமினோப்டெரின் என்பது அத்தகைய மருந்து. அதன் உடன்பிறப்பே மெத்தோடிரெக்ஸேட்.

1947-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஃபார்பர் அமினோப்டெரினைக் குழந்தைகளுக்குச் செலுத்தினார். 1948-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி வெளியான அவருடைய கட்டுரை மருத்துவ வரலாற்றில் ஓர் எல்லைக்கல். மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேரிடம் நோய் தணிந்தது. தணிவு தற்காலிகமே, நோய் மீண்டது, குழந்தைகள் பிழைக்கவில்லை. ஆயினும், எலும்பு மஜ்ஜையைப் பிடித்த புற்றை ஒரு மருந்தால் பின்வாங்கச் செய்ய முடியும் என்று உலகம் முதன்முதலாகக் கண்டது. அந்தக் கட்டுரையின் தலைப்பில் ஐந்து ஆசிரியர்களின் பெயர்கள் உள்ளன. சுப்பாராவின் பெயர் அவற்றுள் இல்லை. அமினோப்டெரினை முதலில் இரசாயனச் சஞ்சிகைக்கு அறிவித்த 1947-ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் மூன்று இரசாயனிகளின் பெயர்களே காணப்படுகின்றன.

1956-இல் மின் சியூ லீ என்ற சீன நாட்டு மருத்துவரும் ராய் ஹெர்ட்ஸும் உடன் பணியாற்றியவரும், பெண்களின் கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை மெத்தோடிரெக்ஸேட் கொண்டே மறையச் செய்தனர். பரவிய கட்டிப் புற்று ஒன்று மருந்தினாலேயே குணமானது அதுவே முதல் தடவை. லீயும் தாய்நாட்டை விட்டு வந்தவரே. காலப்போக்கில் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் கண்ட மெர்காப்டோபூரின் முதலிய மருந்துகளும் சேர, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை படிப்படியாக வலுப்பெற்றது. இன்று சிறந்த வசதியுள்ள இடங்களில் அதன் பெரும்பான்மை வகையில் பத்துக் குழந்தைகளுக்கு எட்டு ஒன்பது பேர் பிழைக்கின்றனர். தமிழகத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாதர் ரயில் நிலையத்தில் வந்திறங்கும் பெற்றோரைப் பரேலுக்கு அழைத்துச் செல்லும் நம் அன்பர்கள், அந்தச் சிகிச்சை அட்டையில் மெத்தோடிரெக்ஸேட் என்ற சொல்லைப் பலமுறை கண்டிருப்பார்கள்.

பெயர் எங்கே?

ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்டில், பேர்ல் ரிவரில் தம் இல்லத்தில் உறக்கத்திலேயே சுப்பாராவ் காலமானார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறாமல், இந்தியராகவே இறந்தார். தாம் தொடங்கி வைத்த மருந்து எத்தனை உயிர்களைக் காக்கப் போகிறது என்பதை அவர் அறியவில்லை.

அவருடைய பிரசுர வரலாற்றை ஒரு புரட்டில் பாருங்கள். பாஸ்பரஸ் முறையில் இரண்டாவது பெயர். ஏ.டி.பி.யில் இரண்டாவது பெயர். ஃபோலிக் அமிலத்தில் பதினாறில் ஒன்று. யானைக்கால் நோய்க்கு மருந்தான டை-எதில்-கார்பமசீனைப் பற்றிய 1947-ஆம் ஆண்டுக் கட்டுரையில் கடைசிப் பெயர். அம்மருந்து, 1955-இல் தொடங்கிய நம் தேசிய யானைக்கால் நோய்த் தடுப்புத் திட்டத்துக்கு ஆதாரமாயிற்று. அவர் தலைமையின் கீழிருந்த பெஞ்சமின் டுகர் கண்ட ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் இனத்தின் முதல் மருந்து. அதன் கட்டுரையில் டுகர் பெயர் மட்டுமே. அமினோப்டெரின் கட்டுரைகளில் அவர் பெயரே இல்லை.

தராசு கூறும் எடை இவ்வளவே. அதைக் கொண்டு பார்த்தால் இவர் நல்லதோர் அளவைமுறையை ஆசிரியருடன் சேர்ந்து எழுதிய ஒருவர்; அவ்வளவுதான். கர்ப்பிணியின் மாத்திரையும், புற்றுற்ற குழந்தையின் மருந்தும், யானைக்கால் நோயாளியின் மருந்தும் அந்தத் தராசில் ஏறவில்லை.

இதற்குக் காரணம் ஒருவருடைய பொறாமை மட்டும் என்று கூறிவிடுவது நேர்மையாகாது. கம்பெனி ஆராய்ச்சி கூட்டு முயற்சி. கையால் செய்த இரசாயனிகளுக்குரிய புகழை அவர்களே பெற வேண்டும் என்பதும் நியாயமே. அவரும் மேடையைத் தேடிச் செல்லும் இயல்புடையவர் அல்லர். மற்றொரு காரணமும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டால் அதற்கு மேற்கோள் காட்டுவதையே மனிதர் விட்டுவிடுகின்றனர். ஏ.டி.பி. என்று எழுதும் எவரும் இன்று 1929-ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. பொது அறிவில் கரைந்து முதல்வரின் பெயர் மறையும் இந்த நிலையைச் சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கியிருக்கிறார். மாவை அரைத்து வைத்தவள் பெயரை இட்லி சாப்பிடுகிறவர் யார் கேட்கிறார்?

அவருடன் பணிபுரிந்தவர்கள் அவரை மறக்கவில்லை. 1953-இல் ஒரு காளான் இனத்துக்குச் 'சுப்பாரோமைசிஸ்' என்று பெயர் சூட்டப்பட்டது. 1995-இல், அவருடைய நூற்றாண்டில், இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

பேத்திக்கும் பெற்றோருக்கும்

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு வருவோம். கணக்குச் சிறியதென்றால் வேலையும் சிறியதா? இல்லை என்று சுப்பாராவின் வாழ்வு தெளிவாகச் சொல்கிறது. ஆயினும், கணக்கே பொய் என்று இளைஞர்களிடம் கூறி அவர்களை மகிழ்விப்பதும் சரியாகாது. எழுதி வைப்பது ஆராய்ச்சியாளரின் கடமை. சுப்பாராவ் பிரித்தெடுத்துப் பிரசுரமாகாது போன பொருள்களை மற்றவர்கள் மறுபடி தேட நேர்ந்ததே. அதனால் வீணானவை ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் காத்திருந்தவர்கள் நோயாளிகள். ஆகவே, எழுதுக; நேர்மையாக எழுதுக; உதவியவர் பெயரை ஒளிக்காமல் எழுதுக. தன் பெயர் விடுபட்டால் மரியாதையாகக் கேட்கவும் தயங்க வேண்டாம். அதன்பின் எத்தனை பேர் எடுத்தாண்டனர் என்ற கணக்கை இரவு பகலாக எண்ணிக் கொண்டிருக்க வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். அயலூரில் வாழும் நமக்குப் பிள்ளைகளின் வெற்றியைப் பிறர் அறிய வேண்டும் என்ற ஆசை சற்று மிகுதி. மதிப்பெண், பட்டம், சம்பளம், கட்டுரைகளின் எண்ணிக்கை என்று எண்களாகவே அவர்களை ஊருக்கு எழுதுகிறோம். மூன்றாம் முறை தேறிய மாணவனையும், இரவு வேலை பார்த்த வைத்தியனையும் எந்த எண்ணால் எழுதுவது?

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் பேத்திக்குப் படித்துக் காட்டினோம். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், தான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில், விடுமுறை நாட்களிலும் வந்து உயிரணுக்களைப் பராமரித்த ஆய்வுக்கூட உதவியாளரின் பெயர் விடுபட்டிருப்பதாகவும், அதைச் சேர்க்கப் போவதாகவும் கூறினாள். பாட்டியார் தம் மருந்துச் சீட்டை எடுத்து மடித்தார். வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்தியர் குறித்ததை மறந்து நாள்தோறும் மெத்தோடிரெக்ஸேட்டை விழுங்கினால் பேராபத்து என்பதைப் பேத்தி அவருக்கு மீண்டும் ஒரு முறை நினைவூட்டினாள். நம் வாசகர்களுக்கும் அதை நினைவூட்டுகிறோம்.

"அந்தப் பிள்ளையின் பெயரை இன்னொரு தரம் சொல்லு" என்றார் பாட்டியார்.

"எல்லாப்பிரகட சுப்பாராவ், பாட்டி."

சீட்டின் பின்புறத்தில் அதைத் தமிழில் எழுதித் தரும்படி நம்மிடம் கேட்டார். எழுதிக் கொடுத்தோம்.